கணிப்பொறிப் பணியாளர் பற்றிய ஆய்வுகள்: அன்றும் இன்றும்
(கடத்தூரில் நடைபெற்ற வெள்ளி விழாக் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



நம் பிள்ளைகள் பொறியியல் கற்றுப் பெங்களூருக்கும் சென்னைக்கும் கணிப்பொறி வேலை நாடிச் செல்கின்றனர். அவ்வேலைக்கு உரியவர் யார் என்பதை ஆய்வாளர்கள் காலந்தோறும் எவ்வாறு நோக்கினர் என்பதை நாம் அறிதல் நலம்.

1946இல் அமெரிக்காவில் எனியாக் என்னும் கணிப்பொறி உலகுக்குக் காட்டப்பெற்றது. அதற்குக் கணக்கு முறைகளை வகுத்துத் தந்தோர் ஆறு பெண்கள். அவர்தம் பெயர்களோ நெடுங்காலம் மறைந்து கிடந்தன. 1966இல் கேனன், பெர்ரி என்னும் இருவர் கணிப்பொறிக்கு நிரல் எழுதும் 1,378 பேரை ஆராய்ந்தனர். அவருள் பெண்கள் 186 பேரே. புதிர்களில் நாட்டமும், பிறரோடு பழகுவதில் நாட்டமின்மையும் இப்பணியாளரின் இயல்பு என்று அவர்கள் முடிவு கூறினர். இத்தகைய கருத்துகள் ஆளெடுக்கும் தேர்வுகளிலும் புகுந்தன. உள்ளே இருந்தோரின் இயல்பே வெளியே நின்றோரை அளக்கும் கோலாயிற்று.

பின்னர்க் கேள்வி மாறிற்று. 1977இல் பிலிப் கிராஃப்ட் என்னும் சமூகவியலார், இவ்வேலையும் கூறுகூறாகப் பிரிக்கப்பட்டு மேலாளரின் கட்டுக்குள் வருவதை எடுத்துக்காட்டினார். உள்ளம் பற்றிய ஆய்வு உழைப்பு பற்றியதாயிற்று.

நம் நாட்டில் அது சமூகம் பற்றியதாக விரிந்தது. மென்பொருள் நிறுவனப் பணியாளருள் பெரும்பாலோர் நகர்ப்புற நடுத்தரக் குடும்பத்தினர், உயர்சாதி அல்லது இடைச்சாதியினர் என்று கேரல் உபாத்யா 2007இல் எழுதினார். ஆங்கிலப் பேச்சும் நகர்ப்புறப் பழக்கமும் 'தகுதி' என எண்ணப்படுவதை அவர் சுட்டினார். அதே ஆண்டில் சுகதேவ் தோரட், பால் அட்டெவெல் ஆகியோரின் ஆய்வும் வெளிவந்தது. தனியார் வேலைகளுக்கு ஒத்த தகுதியோடு விண்ணப்பங்கள் அனுப்பியும், தலித் பெயர் தாங்கியவற்றுக்கு அழைப்பு குறைவாகவே வந்தது என்று அது கண்டது. ஆயினும், 2009இல் வெளியான தில்லி ஆய்வொன்று மென்பொருள் வேலைகளுக்கான அழைப்பில் அத்தகைய வேற்றுமையைக் காணவில்லை. ஆகவே, கதவு முற்றும் அடைபட்டது என்று நாம் சோர்வதற்கில்லை. தடை எந்தப் படியில் உள்ளது என்று நுணுகிக் காண்பதே ஆய்வு.

இளைஞர்களே! இதுவரை நம்மைப் பற்றிப் பெரிதும் பிறரே கேட்டனர். இனி நாமும் கேட்போம். நம் ஊரிலிருந்து வேலை தேடிச் சென்றோர் எழுத்துத் தேர்வில் நின்றனரா, நேர்முகத்தில் நின்றனரா, பதவி உயர்வில் நின்றனரா என்பதை ஆண்டுதோறும் ஒரு பதிவேட்டில் எழுதி வைப்போம். ஆங்கிலப் பயிற்சி எங்கே வேண்டும், முறையீடு எங்கே வேண்டும் என்பதை அப்பதிவேடு நமக்கு உரைக்கும். அதனை ஆராய்ந்து உலகுக்கு எடுத்துரைக்கும் அறிஞரும் நம் பிள்ளைகளிலிருந்தே எழுக!