அபராதச் சீட்டில் யார் பெயர்?

(தருமபுரியில் வணிகர்களும் வாகன ஓட்டுநர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அன்று வர இயலாத வாசகச் சகோதரர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)

ஏக இறைவனின் திருப்பெயரால்...

   

இன்று நான் பெரிய அரசியல் எதுவும் பேச வரவில்லை. கைபேசியில் வந்து விழும் ஒரு சிறிய குறுஞ்செய்தியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "உங்கள் வாகனம் வேக வரம்பை மீறியது, இவ்வளவு அபராதம்" என்று வருகிறதே, அந்தச் செய்தி. சரக்கு வண்டி ஓட்டும் நம் பிள்ளைகளில் அதைப் பார்த்து வயிறு கலங்காதவர் யார்?

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நாம் ஒரு கூட்டம் நடத்தினோம். நாற்காலிகளையும் ஒலிபெருக்கியையும் சேலத்திலிருந்து ஏற்றி வர ஒரு குட்டி யானை பிடித்தோம். அஸருக்குள் வந்துவிட வேண்டும் என்று நான் உத்தரவு போட்டேன். அங்கே லோடு ஏற்றவே தாமதமாகிவிட்டது. அது தெரிந்தும் நான் விடவில்லை. "எங்கே வருகிறாய் தம்பி, எங்கே வருகிறாய்" என்று நான்கு முறை போன் செய்தேன். பிள்ளையும் வந்து சேர்ந்தான். "மாஷா அல்லாஹ்!" என்று முதுகில் தட்டிக் கொடுத்தேன். அன்று இரவு மேடையில் நான் பேசிய தலைப்பு என்ன தெரியுமா? தொழிலாளர் உரிமை!

பத்து நாள் கழித்துப் பள்ளிவாசல் வாசலில் அந்தத் தம்பி கூச்சத்தோடு நின்றான். "ஹஜ்ரத், ஆயிரம் ரூபாய் ஃபைன் வந்திருக்கு. ஓட்டினது நீதானே, நீயே கட்டுன்னு ஓனர் சொல்றார்" என்றான். நான் என்ன செய்தேன்? "பார்த்து ஓட்டக் கூடாதா தம்பி?" என்று உபதேசம் செய்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டே கேட்டான்: "நாலு தடவை போன் பண்ணது நீங்கதானே ஹஜ்ரத்?"

சகோதரர்களே! பல ஆண்டுகள் மத்ரஸாவில் ஓதியவன் நான். அந்த ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அபராதச் செய்தியில் வண்டி எண் இருந்தது. கட்டியது அந்தப் பிள்ளையின் பேட்டா. விரட்டிய என் பெயர் அதில் எங்குமே இல்லை.

சட்டம் யாரைப் பிடிக்கிறது?

எங்குமே இல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். விவரம் தெரிந்த ஒரு வழக்கறிஞர் சகோதரரிடம் கேட்டபோதுதான் உண்மை விளங்கியது. நம் வணிகர்கள் இதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 183ஆம் பிரிவு வேகத்தைப் பற்றியது. 2019ல் அது திருத்தப்பட்டது. இலகுரக வண்டிக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம். நடுத்தர, கனரக வண்டிகளுக்கு 2,000 முதல் 4,000 வரை. இரண்டாம் முறை பிடிபட்டால் ஓட்டுநர் உரிமத்தையே பறிமுதல் செய்யலாம். இதுவரை நமக்குத் தெரிந்த கதை.

தெரியாத கதை இனிமேல்தான். வேகமாக ஓட்டியவரை மட்டும் அந்தப் பிரிவு சொல்லவில்லை. தன்னிடம் வேலை செய்பவரை, தன் கட்டுப்பாட்டில் இருப்பவரை அப்படி ஓட்ட வைத்தவரையும் அதே வரியில் வைத்து அதே தண்டனையைச் சொல்கிறது! இன்னும் கேளுங்கள். இத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று ஒருவர் உத்தரவு போடுகிறார். வேக வரம்பை மீறாமல் அந்த நேரத்துக்குள் போக முடியாது என்று நீதிமன்றம் கருதினால், அந்த உத்தரவே அவர் குற்றம் செய்ததற்கு முதல்நோக்குச் சான்றாகிவிடும். இது 183ன் நான்காவது உட்பிரிவு.

பாலக்கோடு மண்டியில் ஐந்து மணிக்குத் தக்காளி ஏற்றிவிட்டு, ஆறு மணிக்குச் சேலம் மார்க்கெட்டில் நிற்க வேண்டும் என்று சொல்கிற சகோதரரே! தூரம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். நான்கு வழிச் சாலையில் சரக்கு வண்டிக்கு மத்திய அரசு 2018ல் வைத்த உச்ச வரம்பே 80. எங்கும் நிற்காமல், ஊருக்குள்ளும் குறைக்காமல் பறந்தால்கூடக் கணக்கு வருகிறதா? வராத கணக்கை அந்தப் பிள்ளையின் தலையில் எழுதியது யார்?

தொப்பூர் சொல்லும் பாடம்

"ஹஜ்ரத், ஆயிரம் ரூபாய் விஷயத்துக்கு இவ்வளவு பேச்சா?" என்று சிலர் நினைக்கலாம். நம் மாவட்டத்தில் இருந்துகொண்டு யாரும் அப்படி நினைக்கக் கூடாது. நமக்குத் தொப்பூர் கணவாய் இருக்கிறது.

தருமபுரியிலிருந்து சேலம் போகும் தேசிய நெடுஞ்சாலை 44 அங்கே சரிவில் இறங்குகிறது. 2020 டிசம்பரில் அந்தச் சரிவில் ஒரு லாரி, முன்னால் வரிசையாக நின்ற கார்கள்மீது ஏறியது. 2024 ஜனவரி 24 அன்று இரட்டைப் பாலத்தில் மீண்டும் அதே துயரம். லாரி மோதி, கார் நசுங்கி, தீப்பிடித்து, ஒரு லாரி பாலத்திலிருந்தே கீழே விழுந்து, நான்கு உயிர்கள் போயின. அந்தக் காட்சியை நம்மில் பலர் கைபேசியில் பார்த்தோம். பார்த்துவிட்டு என்ன செய்தோம்? அடுத்தவருக்கு அனுப்பினோம். அவ்வளவுதான்.

அந்தச் சரிவில் கனரக வண்டிகளுக்கு 30 கிலோமீட்டர் வரம்பு வைத்தது ஏன் என்று ஓட்டுகிற தம்பிகள் அறிவார்கள். கீழ் கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விட்டால் முழு பாரமும் பிரேக்கின் மேல் விழும். பிரேக் சூடேறும், சூடேறினால் பிடிக்காது. அதற்குப் பிறகு ஓட்டுநர் கையில் ஒன்றுமில்லை. இப்போது கேட்கிறேன். டீசலை எண்ணி எண்ணிக் கொடுத்து, மிச்சம் பிடித்தால்தான் உனக்குக் காசு என்று சொன்ன முதலாளிக்கு அந்த நியூட்ரலில் பங்கில்லையா? தூங்காமல் இரண்டாவது டிரிப்புக்கு அனுப்பியவருக்கு அந்தச் சரிவில் பங்கில்லையா? நாளுக்கு எட்டு மணி நேரம்தான் வேலை என்று மோட்டார் தொழிலாளர்களுக்கு 1961லேயே சட்டம் வந்தது. 2025 நவம்பரில் அது புதிய தொகுப்புச் சட்டத்தோடு சேர்ந்துவிட்டது. எட்டு மணி நேரம் என்ற கணக்கு மட்டும் மாறவில்லை. நம் மண்டிகளில் அந்தக் கணக்கு இருக்கிறதா?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் இறுதி ஹஜ்ஜில் அரஃபாத்திலிருந்து திரும்புகிறார்கள். பின்னால் மக்கள் ஒட்டகங்களை அதட்டி அடித்து விரட்டுகிற சத்தம் கேட்கிறது. உடனே சாட்டையால் சைகை காட்டி, நிதானமாக வாருங்கள், விரைந்து ஓட்டுவதில் நன்மை இல்லை என்று தடுத்தார்கள். கவனியுங்கள்! அவர்கள் போய்க்கொண்டிருந்தது மண்டிக்கு அல்ல, வணக்கத்திற்கு! வணக்கத்திற்கே அந்த வேகம் கூடாதென்றால் தக்காளிப் பெட்டிக்கு எதற்கு?

பணியாளர்மீது சக்திக்கு மீறிய சுமையை ஏற்றக் கூடாது, ஏற்றினால் நீயும் கை கொடுக்க வேண்டும் என்பதும் அவர்கள் கற்றுத் தந்ததுதான். நாம் ஏற்றுகிறோம். அபராதம் வரும்போது கையை மட்டும் இழுத்துக்கொள்கிறோம்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. பெருநகரங்களில் பத்து நிமிடத்தில் மளிகைச் சாமான் வீட்டுக்கு வரும் என்று நிறுவனங்கள் விளம்பரம் செய்தன. அந்தப் பத்து நிமிடத்தை இருசக்கர வாகனத்தில் சுமந்தவர்கள் ஏழைப் பிள்ளைகள். 2025 டிசம்பர் 25லும் 31லும் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2026 ஜனவரியில் மத்திய தொழிலாளர் அமைச்சர் தலையிட்ட பிறகு, பிளிங்கிட் நிறுவனம் விளம்பரத்திலிருந்து அந்தப் பத்து நிமிடத்தை எடுத்துவிட்டது. கோடிகளில் புரளும் நிறுவனமே கைவிடும்போது, நாலு பெட்டி சரக்கு அனுப்பும் நம்மால் ஏன் முடியாது?

வண்டி ஓட்டும் தம்பிகளே!

முதலாளிமார்களைச் சொல்லிவிட்டேன் என்று நீங்கள் சந்தோஷப்பட வேண்டாம். உங்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. யாரும் விரட்டாத நேரத்திலும் பறப்பவர்கள் உங்களில் உண்டு. சாலையில் நடந்து போகும் கிழவிக்கும் பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தைக்கும் உங்கள்மீது ஹக் இருக்கிறது. அதை மீறினால் அபராதம் கட்டித் தீராது.

காவலர் கை காட்டினால் வண்டியை ஓரம் கட்டி நிறுத்துங்கள். விரட்ட வைக்காதீர்கள், வாய்ச்சண்டைக்கும் போகாதீர்கள். வெயிலிலும் புகையிலும் நிற்கிற அவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான். அதே நேரத்தில் பயந்து நடுங்கவும் வேண்டாம். உங்கள் உரிமைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்று: உரிமம், ஆர்.சி., காப்பீடு ஆகியவற்றை டிஜிலாக்கர் அல்லது எம்-பரிவாகன் செயலியில் காட்டினால் போதும், சட்டப்படி அது செல்லும்.

இரண்டு: 'நீ வேகமாக வந்ததுபோல் தெரிந்தது' என்று ஒருவர் கண்ணால் கண்டதாகச் சொல்வதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது. கருவியால் அளந்த கணக்கு வேண்டும். இதுவும் 183ஆம் பிரிவிலேயே இருக்கிறது. கேமரா வைத்துக் கண்காணிக்கும் இடங்களில் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும் என்று 2021ல் விதி வந்தது. அபராதம் தவறு என்று பட்டால் நீதிமன்றத்தில் மறுக்கலாம்.

மூன்று: உரிமத்தைப் பிடித்து வைத்தால் 206ஆம் பிரிவுப்படி தற்காலிக ஒப்புகைச் சீட்டு கேளுங்கள். அது இருந்தால் குறிப்பிட்ட காலம்வரை வண்டி ஓட்டலாம்.

நான்கு: ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். 'ஆயிரத்துக்குப் பதில் இருநூறு' என்பது லாபமாகத் தெரியும். லஞ்சம் வாங்குபவர்மீது மட்டுமல்ல, கொடுப்பவர்மீதும் சாபம் இருக்கிறது என்று நாம் ஓதியிருக்கிறோம். நாட்டின் சட்டமும் 2018லிருந்து கொடுப்பவரையும் குற்றவாளியாக்கியிருக்கிறது. மிரட்டி வாங்கினால் ஏழு நாட்களுக்குள் புகார் செய்யுங்கள். அப்போது உங்கள்மீது குற்றம் வராது.

காவலர்மீது கேள்வி கேட்க முடியாது என்பதும் பொய். 2022 ஜூனில் கோவையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கண்மூடித்தனமாக வந்த ஒரு பள்ளி வாகனத்தைத் தட்டிக் கேட்டார், உணவு கொண்டுபோகும் ஓர் ஊழியர். போக்குவரத்துக் காவலர் அவரையே அறைந்தார். யாரோ ஒருவர் எடுத்த காணொளி பரவியது. அந்தக் காவலர் மாற்றப்பட்டார், கைதும் செய்யப்பட்டார். அடி வாங்கியவர் திருப்பி அடிக்கவில்லை. முறைப்படி புகார் கொடுத்தார், நீதி அசைந்தது.

என்ன செய்யப் போகிறோம்?

கைதட்டிவிட்டுக் கலைவதற்காக நாம் கூடவில்லை. மூன்று காரியங்களைக் கேட்கிறேன்.

வணிகர்களே! நாளை காலை முதல் லோடு அனுப்பும்போது போய்ச் சேர வேண்டிய நேரத்தை ஓட்டுபவரிடமே கேளுங்கள். ஏற்றத் தாமதமானால் அந்தத் தாமதத்தை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். வண்டி ஓடும்போது போன் செய்யாதீர்கள். உங்கள் அவசரத்தால் வந்த அபராதத்தை அவன் பேட்டாவில் பிடித்தால், அந்தப் பணம் உங்கள் கல்லாவில் ஹலாலாக இருக்காது.

இளைஞர்களே! உங்கள் மஹல்லாவில் வண்டி ஓட்டுபவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுங்கள். அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. செயலிவழி வேலை செய்பவர்களுக்கும் 2023 டிசம்பரில் தமிழக அரசு தனி நல வாரியம் அமைத்தது. எந்தச் சமுதாயத்துப் பிள்ளையாக இருந்தாலும் அழைத்துப் போய்ப் பதிவு செய்து கொடுங்கள். சாலையில் லாரி மோதும்போது பெயரைக் கேட்டுவிட்டா மோதுகிறது?

அரசுக்கும் நம் கோரிக்கை உண்டு. அபராதம் விதித்த கையோடு, இந்த ஓட்டுநரை விரட்டியது யார் என்றும் விசாரியுங்கள். 183ஆம் பிரிவு ஓட்டுபவனுக்கு மட்டும் எழுதப்படவில்லை.

அந்தத் தம்பிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மறுநாளே அவன் வீடு தேடிப் போய் ஆயிரம் ரூபாயைக் கொடுத்தேன், மன்னிப்பும் கேட்டேன். வாங்க மறுத்தான். அவன் தாயார் உள்ளே இருந்து சொன்னார்கள்: "பணம் கிடக்கட்டும் ஹஜ்ரத். இனிமே அவன் வண்டியில இருக்கறப்போ போன் பண்ணாதீங்க. அவன் வர்ற வரைக்கும் நான் தூங்கறதில்ல."

இதை வாசிக்கும் சகோதரரே! உங்கள் சரக்கும் இந்நேரம் ஏதோ ஒரு சாலையில் வந்துகொண்டிருக்கலாம். அதை ஓட்டி வரும் பிள்ளைக்காகவும் ஒரு தாய் விழித்திருக்கிறாள். கையிலிருக்கும் போனைக் கீழே வையுங்கள்.

சாலையில் இருக்கும் நம் பிள்ளைகள் அனைவரையும் வல்ல இறைவன் நலமாக வீடு சேர்ப்பானாக! பிறரை வருத்தாத வியாபாரத்தை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.