சார்ஜர் செருகும்போது பொறி ஏன் பறக்குது?

லேப்டாப் சார்ஜரைச் செருகும்போது சில சமயம் 'படக்'குனு ஒரு சின்னப் பொறி வருமே, அதைப் பார்த்துப் பயந்து சார்ஜரையே மாத்துறவங்க இருக்காங்க. கருகின வாசனையோ பிளக்கில் கறுப்போ இல்லைன்னா, அது பெரும்பாலும் உள்ளே இருக்கிற கெப்பாசிட்டரோட வேலை.

காலியான கெப்பாசிட்டரில் வோல்டேஜ் பூஜ்யம். அது ஒரே தாவலில் ஏறாது. சார்ஜ் சேரச் சேரத்தான் ஏறும். அதனால் கரண்ட் பாயத் தொடங்கும் அந்தக் கணத்தில் கெப்பாசிட்டர் வெறும் கம்பி மாதிரி நடந்துக்கும். நம்ம வீட்டு 230 வோல்ட்டின் உச்சம் சுமார் 325 வோல்ட். வழியில் 5 ஓம் ரெசிஸ்டன்ஸ்தான் இருக்குன்னு வைங்க, 65 ஆம்பியர் பாயும்! வழக்கமா அந்தச் சார்ஜர் இழுப்பது இதில் ஒரு சின்னப் பங்குதான். ஏசி அலை பூஜ்யத்தைத் தொடும் நேரத்தில் செருகினால் பொறி தெரியவே தெரியாது. அதான் தினமும் வர்றதில்லை. ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டுச் செருகுங்க, பிளக் முனை தப்பிச்சிடும்.

ரெசிஸ்டன்ஸையும் கெப்பாசிட்டன்ஸையும் பெருக்கினால் வருவது டைம் கான்ஸ்டன்ட். டிசி சர்க்யூட்டில் ஒரு டைம் கான்ஸ்டன்ட்டில் 63 சதவீதம் நிரம்பும், ஐந்தில் 99-ஐத் தாண்டிடும். நிரம்பின பிறகு கரண்ட் போகாது. கம்பி அறுந்த மாதிரிதான்.

இண்டக்டர் இதுக்கு நேர் எதிர். அதில் தாவாதது கரண்ட். முதலில் வழியை அடைக்கும், போகப்போக வெறும் கம்பியாகிடும். ஆனா அதோட குணம் தெரியறது நிறுத்தும்போதுதான். பழைய டியூப் லைட்டில் ஸ்டார்ட்டர் திறந்ததும், சோக்கில் ஓடும் கரண்ட் சட்டுனு நிக்க மறுக்கும். வோல்டேஜ் பல நூறுக்கு எகிறி டியூபைப் பற்றவைக்கும். அப்புறம் அதே சோக்தான் கரண்ட்டை அளவாக வைக்கும், ஏசி ஆச்சே.

பிளக்கைப் பிடுங்கினாலும் கெப்பாசிட்டர் வோல்டேஜைப் பிடிச்சு வைச்சிருக்கும், அதுதான் ஆபத்து. 325 வோல்ட்டில் 100 மைக்ரோஃபாரட் என்றால் 5 ஜூலுக்கு மேல். மைக்ரோவேவ் அடுப்பில் 2000 வோல்ட்டுக்கும் மேலே போகும், உயிரையே எடுத்துடும். அதை வடிக்க உள்ளே ஒரு பிளீடர் ரெசிஸ்டர் வைப்பாங்கதான். ஆனா அது அறுந்திருந்தா வெளியே இருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் யூடியூப் பார்த்து நீங்களே திறக்காதீங்க, மெக்கானிக்கிட்ட கொடுத்துடுங்க.