நீரும் ஓர் அமானிதமே!
(ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

  

மதரஸாவில் ஃபிக்ஹு நூலைத் திறந்தவுடன் நாம் ஓதும் முதற்பாடம் தஹாரத், அதாவது தூய்மை. அதில் முதலாவது தண்ணீரைப் பற்றிய சட்டம். அசுத்தம் கலந்து நிறம், சுவை, வாடை ஆகிய மூன்றில் ஒன்று மாறிவிட்டாலும் அந்த நீரைக் கொண்டு உளூச் செய்தல் கூடாது. இதை நமது மக்தபில் விளக்கியபோது ஒரு சிறுவன் எழுந்து, "ஹஜ்ரத், அப்படியானால் நம் பக்கத்துக் குளத்தில் உளூச் செய்யலாமா?" என்று கேட்டான். சாக்கடை கலந்து கறுத்துக் கிடக்கும் அக்குளத்தை நினைத்து, "கூடாது" என்றேன். அன்று முழுவதும் அந்தப் பதில் என் நெஞ்சை உறுத்தியது.

சகோதரர்களே! திண்டுக்கல்லுக்குப் பெண் கொடுக்கத் தயங்கும் அளவுக்கு இவ்வூரின் தண்ணீர்ப் பஞ்சம் பேசப்பட்டதை முதியோர் அறிவர். ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்தை எதிர்பார்த்து வாழும் ஊர் இது. இத்தகைய ஊரில் மழைநீரைத் தேக்கி, கிணறுகளுக்கு ஊற்றுக் கொடுக்கும் குளங்களைக் குப்பைமேடாக்குவது எவ்வளவு பெரிய நன்றிகேடு!

நம் சமுதாயத்தவர் பலருக்குச் சோறு போட்ட தோல் தொழிலைப் பற்றியும் மனம் திறந்து பேச வேண்டியுள்ளது. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்தச் சுமார் 35 லிட்டர் நீர் செலவாகிறது. பச்சைத்தோலில் இட்ட உப்பும், முடி நீக்கும் சுண்ணாம்பும், குரோமியமும் அந்நீரோடு வெளியேறுகின்றன. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், நம் மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. சுத்திகரிப்பு ஏற்பாடு இன்றி ஆலை நடத்தலாகாது என்றும் ஆணையிடப்பட்டது. நம் ஊரில் பொதுச் சுத்திகரிப்பு நிலையமும் அமைந்தது. ஆயினும் நீரில் கரைந்த உப்பு சாதாரணச் சுத்திகரிப்பால் நீங்குவதில்லை. மண்ணில் இறங்கிய உப்பு எளிதில் அகலுவதுமில்லை.

இங்கே ஒன்றைச் சிந்தியுங்கள். கடல்நீர் உப்பாயினும் அதில் உளூக் கூடும். அதுபோல, உப்பேறிய கிணற்று நீரும் உளூவுக்குத் தகுதியானதாக இருக்கலாம். ஆனால் அந்நீர் அண்டை விவசாயியின் பயிரைக் கருக்குகிறது. அவர் வீட்டுத் தாகத்தைத் தீர்ப்பதில்லை. "சட்டப்படி சுத்தமானது" என்பதோடு நம் பொறுப்பு முடிந்துவிடாது. அது ஹக்குல் இபாத், அடியார்களின் உரிமை. உரியவர் மன்னிக்காதவரை அது நம் கழுத்தில் கிடக்கும் கடனாகும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதைத் தடுத்தார்கள். நீர்த்துறையை அசுத்தப்படுத்துவதைச் சாபத்திற்குரிய செயலாக எச்சரித்தார்கள். ஒருவர் செய்வதற்கே இவ்வளவு கண்டிப்பு என்றால், ஒரு தெருவே திரண்டு சாக்கடையைக் குளத்தில் திருப்பினால் என்ன சொல்வது? பழியை ஆலைகள்மீது மட்டும் சுமத்திவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. ஹஜ்ஜுப் பெருநாளன்று குர்பானிக் கழிவுகளைக் குளக்கரையில் வீசியவர் நம்மிலும் இல்லையா? இபாதத்தைச் செய்துவிட்டு, அதன் கழிவால் பிறருக்கு நோவினை தரலாமா?

ஆகவே ஜமாஅத்தார் மூன்று காரியங்களை உறுதி செய்துகொள்வோம். குர்பானிக் கழிவுகளை ஆழக் குழி தோண்டிப் புதைப்போம்; அல்லது மாநகராட்சி வண்டியில் சேர்ப்போம். பள்ளிவாசலில் உளூச் செய்த நீரைச் சாக்கடையில் விடாமல் உறிஞ்சுகுழிக்குத் திருப்புவோம். குளம் தூர்வார எந்தச் சமயத்தவர் முன்வந்தாலும் நம் இளைஞர்கள் மண்வெட்டியோடு முதலில் நிற்கட்டும். தாகத்திற்கு மத வேறுபாடு இல்லை.

அன்று கேள்வி கேட்ட அச்சிறுவன் பெரியவனாகித் தன் பிள்ளைக்கு, "இக்குளத்தில் தாராளமாக உளூச் செய்யலாம்" என்று சொல்லும் நாளை அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.