கூட்டாட்சியைக் குழந்தைகளுக்குச் சொல்வது எப்படி?

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் நடத்தியவன் நான். ஐந்தாம் வகுப்பில் போய் 'கூட்டாட்சி' என்று கரும்பலகையில் எழுதினால் போதும், பாதிப் பேருக்குக் கொட்டாவி வந்துவிடும். அதனால் அந்தச் சொல்லைக் கடைசியில்தான் எழுதுவேன். முதலில், "வீட்டிலேர்ந்து வர்ற வழியில என்னென்ன பார்த்தீங்க?" என்று கேட்பேன்.

தபால் பெட்டி, ரயில்வே கேட், போலீஸ்காரர், டவுன் பஸ், தெருவிளக்கு, குப்பை வண்டி என்று ஆளாளுக்குக் கத்துவார்கள். பலகையில் மூன்று கட்டம் போடுவேன். தபாலும் ரயிலும் தில்லிக் கட்டம். போலீசும் பஸ்ஸும் சென்னைக் கட்டம். விளக்கும் குப்பை வண்டியும் நகராட்சிக் கட்டம். ஒரே தெருவில் மூன்று ஆட்சி நடமாடுவதை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

உடனே ஒரு கை உயரும்: "சார், இதுல யாரு பெரியவர்?"

இதற்குச் சொல்லும் பதிலில்தான் சூட்சுமம் இருக்கிறது. மத்திய அரசு அப்பா, மாநிலங்கள் பிள்ளைகள் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அப்பா மனசு வைத்தால்தானே பிள்ளைக்குக் காசு? அதைக் கேட்டு வளரும் குழந்தை, உரிமையைச் சலுகை என்று நினைத்துவிடும். மாநிலத்தின் அதிகாரம் தில்லி கொடுத்ததல்ல. இருவருக்கும் அதிகாரம் தருவது 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம். அதன் ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், இருவரும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியல் என மூன்று உண்டு. பொதுப் பட்டியலில் மோதல் வந்தால் பெரும்பாலும் மத்தியச் சட்டமே நிற்கும்.

எனவே நான் கபடியைச் சொல்வேன். நடுவில் கோடு உண்டு, விதி உண்டு, தகராறு வந்தால் நடுவராக உச்ச நீதிமன்றம் உண்டு. பட்டியல்களைத் திருத்த நாடாளுமன்றம் மட்டும் போதாது. குறைந்தது பாதி மாநிலங்களின் சட்டமன்றங்களும் ஒப்ப வேண்டும். "கோட்டை நகர்த்த முடியுமா சார்?" என்பார்கள். நகர்ந்திருக்கிறது. நீங்கள் படிக்கிற படிப்பே மாநிலப் பட்டியலில் இருந்தது; நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல் வந்த 42-ஆவது திருத்தம் அதைப் பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோனது.

இரண்டு அணியும் சமபலம் என்றும் பொய் சொல்லக்கூடாது. மாநில எல்லையை நாடாளுமன்றம் சாதாரணச் சட்டத்தாலேயே மாற்றலாம். ஆந்திரச் சட்டமன்றம் மசோதாவை நிராகரித்த பிறகும் 2014-ல் தெலங்கானா பிறந்தது. குழந்தைகள் உண்மையைத் தாங்குவார்கள், மழுப்பலைத்தான் தாங்கமாட்டார்கள்.

இன்னொரு செய்தியையும் சொல்வேன். சுதந்திர தினத்தன்று கோட்டையில் கொடியேற்றுகிறவர் முதலமைச்சர். 1974-க்கு முன்பு ஆளுநர்தான் ஏற்றினார். கலைஞர் கருணாநிதி கேட்டுப் பெற்ற அந்த உரிமை, எல்லா மாநில முதல்வர்களுக்கும் கிடைத்தது. சண்டையில்லாமல், பிரிவில்லாமல், கேட்டுப் பெற்றது.

தம்பி தங்கைகளே, உங்களில் பலர் நாளை ஆசிரியர் ஆவீர்கள். எல்லோருமே ஏதாவது ஒரு குழந்தைக்குப் பதில் சொல்லப் போகிறீர்கள். "யார் பெரியவர்?" என்று அது கேட்டால், ஆளைக் காட்டாதீர்கள், சட்டப் புத்தகத்தைக் காட்டுங்கள்.