கோடையில் அளந்த நிலம்

இன்று பட்டம் பெறும் மாணவ மாணவியரே, கறுப்பு அங்கி போடாமலே அவர்களைவிட அதிகமாக வியர்த்துக்கொண்டிருக்கும் பெற்றோர்களே, அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் அச்சிட்டிருக்கும் அடைமொழிகளில் பாதியைக் கழித்துவிடுங்கள். நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்து வேலையைத் தொடங்கி, அதே துறையில் ஓய்வு பெற்றவன் நான். நிலத்தைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசும்படி என்னை யாரும் கேட்பதில்லை. வீட்டில் நிலத்தைப் பற்றியும் பேசவேண்டாம் என்கிறார்கள். ஆகவே இன்று நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

இந்தியாவின் பெரிய நில அளவை உங்கள் தாம்பரத்துக்குப் பக்கத்து ஊரில்தான் ஆரம்பித்தது. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி பரங்கிமலைப் பக்கம் ஒரு முனையும் பெரும்பாக்கம் குன்றில் ஒரு முனையுமாக ஏழரை மைல் அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். கையில் இருந்தது நூறடி எஃகுச் சங்கிலி. 57 நாள் பிடித்தது. இமயமலையின் உயரம் வரைக்கும் போன கணக்கு இந்தக் கோட்டிலிருந்துதான் தொடங்கிற்று. இன்று ஆதம்பாக்கம், மடிப்பாக்கம், மேடவாக்கம் என்று நீங்கள் ஷேர் ஆட்டோவில் போகும் வழியை ஒட்டித்தான் அந்தக் கோடு போயிற்று. இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் கொஞ்சம் பெருமை வரும். மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் மாதத்தைக் கவனியுங்கள்: சித்திரையும் வைகாசியும். வெயில் காலம்.

நான் வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளின் நடுவில். ஊருக்கு ஊர் கர்ணம் இருந்த காலம். அந்தப் பதவி 1980-ல்தான் ஒழிந்தது. பள்ளிக்கரணையை ஒட்டிய கிராமம் ஒன்றில் அரசுத் துறை ஒன்றுக்குக் கொடுப்பதற்காக ஓர் இடத்தை அளந்து கொடுக்கச் சொன்னார்கள். கர்ணம் ஒரு தலையாரியைத் துணைக்கு அனுப்பினார். எழுபது வயதிருக்கும். செருப்பு கிடையாது. கத்திரி வெயிலில் வெடித்துக் கிடந்த களிமண் தரையில் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். நான் புலப்படத்தை விரித்து, அளவுகோல் வைத்து, எல்லைக்கல்லைத் தேடித் தடுமாறிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு புதரை ஒதுக்கிக் காலால் தட்டினார். கல் அங்கே இருந்தது. அடுத்த கல்லும் அப்படியே. மூன்றாவது கல்லில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “தாத்தா, படம் எதுக்கு, நீங்களே போதும் போல” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “கல்லு எங்க இருக்குன்னு நான் காட்டறேன் சார். தண்ணி எங்க நிக்கும்னு உங்க படத்துல யாராவது போட்டிருக்காங்களா?” என்றார். பார்த்தேன். இல்லை. “எப்படிப் போடுவாங்க? எங்கப்பா காலத்துல வந்த சர்வேக்காரரும் கத்திரியிலதான் வந்தாரு. நீங்களும் கத்திரியில வந்திருக்கீங்க. ஐப்பசி அடைமழையில ஒருத்தரும் வர்றதில்லை.”

அவர் சொன்னதற்காகவே ஐப்பசியில் மறுபடி போனேன் என்று சொன்னால் மேடைக்கு நன்றாக இருக்கும், ஆனால் பொய். மேலதிகாரி வேறொரு வேலையாக வேளச்சேரிக்கு அனுப்பினார். அது கார்த்திகை. வழியில்தானே என்று அந்தக் கிராமத்துக்கும் போனேன். நான் சங்கிலி போட்ட இடத்தில் இடுப்பளவு தண்ணீர். எருமைகள் மூழ்கிக் கிடந்தன. நாலைந்து பேர் கோரை அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் பெண்கள் கூடையால் மீன் அள்ளினார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டிய பையன்கள் அத்தனை பேரும் தண்ணீருக்குள் இருந்தார்கள். தலையாரி என்னைப் பார்த்ததும் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார். கையில் இருந்த கழியைத் தண்ணீருக்குள் விட்டு ஓரிடத்தில் குத்தினார். டொக் என்று சத்தம். “உங்க கல்லு பத்திரமா இருக்கு சார்” என்றார்.

அந்த இடத்துக்கு, கிராம நிலக் கணக்கான அ-பதிவேட்டில் என்ன பெயர் தெரியுமா? தரிசு.

இந்தக் கதையை நான் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். என் மனைவிக்கு மனப்பாடம். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நம் தென்சென்னையின் கதை முழுக்க இதற்குள் இருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 1960-களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரவியிருந்தது என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஏறக்குறைய 250 சதுர கிலோமீட்டரில் பெய்யும் மழை அங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போகும். ஐம்பது ஆண்டுக்குள் சதுப்பு என்று சொல்லத்தக்கதாக எஞ்சியது அதில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. யாராவது வில்லன் ராத்திரியோடு ராத்திரியாகத் திருடிப் போனானா? ஆக்கிரமித்தவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பெரும்பகுதி கோப்பு வழியாகவே போயிற்று. குப்பை கொட்ட ஓர் இடம் வேண்டும், பெருங்குடி. ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு இடம் வேண்டும், வேளச்சேரி–தாம்பரம் சாலை. ரயிலுக்கு வேண்டும், சாலைக்கு வேண்டும், தகவல் தொழில்நுட்பப் பூங்காவுக்கு வேண்டும். ஒவ்வொன்றும் நல்ல காரியம். ஒவ்வொரு கோப்பிலும் அந்த நிலத்தின் பெயர் தரிசு. தரிசு நிலத்தைக் கொடுப்பதற்கு யார் ஆட்சேபிப்பார்?

கிண்டிக்கு வாருங்கள். அது கோடையிலும் பச்சையாக இருந்த இடம். 1910-ல் 505 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 1958-ல் ஐ.ஐ.டி.க்காக ஒரு பகுதி போயிற்று. அதே ஆண்டில் நேருவின் விருப்பப்படி சிறுவர் பூங்காவுக்கு ஒரு பகுதி. 1961-க்கும் 1977-க்கும் இடையில் கல்வி நிறுவனங்களுக்கும் நினைவிடங்களுக்குமாக ஏறத்தாழ 172 ஹெக்டேர். ராஜாஜிக்கு நினைவிடம் வேண்டாம் என்று யார் சொல்வார்? காமராஜருக்கு? 1978-ல் தேசியப் பூங்கா என்று அறிவித்தபோது கையில் மிஞ்சியது 270 ஹெக்டேர். காட்டைக் கொடுத்தவர்கள் யாரும் காட்டுக்குப் பகைவர்கள் இல்லை. பாதுகாக்கப்பட்ட நிலம் அப்படித்தான் சுருங்கும்: மரியாதையாக, அரசாணை எண்ணோடு.

அப்படியென்றால் எதுதான் தப்பிக்கிறது? இங்கேதான் என் கட்சி. எந்த நிலத்தில் ஜனங்கள் சும்மா போய் நடக்கிறார்களோ, உட்காருகிறார்களோ, பறவை பார்க்கிறார்களோ, அந்த நிலம் தப்பிக்கிறது. பொழுதுபோக்கு என்று நாம் அலட்சியமாகச் சொல்லும் காரியத்துக்குள் ஒரு காவல் இருக்கிறது.

ஜி.எஸ்.டி. சாலையில் இங்கிருந்து தெற்கே போனால் மதுராந்தகம் பக்கத்தில் வேடந்தாங்கல். ஏரி சிறியது, முப்பது ஹெக்டேர் அளவுதான். 1798-லேயே அந்த ஊர்க்காரர்கள் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் போய், பறவைகளைச் சுடக்கூடாது என்று பாத்தியதை வாங்கினார்கள். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயம் என்று அறிவிக்கப்பட்டது. 2020-ல் அதை 3 கிலோமீட்டராகக் குறைக்க ஒரு முன்மொழிவு போயிற்று. வெளிவட்டத்தில் ஏற்கெனவே ஊர்கள் இருக்கின்றன, தொழிற்சாலைகள் இருக்கின்றன, உள்வட்டத்துக்கு ஆபத்து இல்லை என்பது வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஐந்துக்கும் மூன்றுக்கும் இரண்டுதானே வித்தியாசம்! கணிதம் படித்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். வட்டத்தின் ஆரம் 5 என்றால் பரப்பு 25 பங்கு, 3 என்றால் 9 பங்கு. காகிதத்தில் இரண்டு கிலோமீட்டர், தரையில் பாதிக்கு மேல். நாரைகள் கூடு கட்டுவது ஏரிக்குள், இரை தேடுவது சுற்றியுள்ள வயலிலும் ஏரிகளிலும். ஊரடங்குக் காலத்திலும் கிராமத்துக்காரர்களும் பறவை ஆர்வலர்களும், பள்ளிச் சுற்றுலாவில் ஒருமுறை அங்கே போய்வந்த ஆயிரக்கணக்கானவர்களும் சத்தம் போட்டார்கள். முன்மொழிவு கைவிடப்பட்டது. 2022-ல் அந்த ஏரி உலக ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

அமெரிக்காவிலும் இதே சண்டை நடக்கிறது. யூட்டா மாநிலத்தில் பேர்ஸ் இயர்ஸ் என்ற இடம், பழங்குடிகளின் புனித நிலம், மலையேறுபவர்களின் விருப்பமான இடம். 2016-ல் ஒபாமா அதைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக அறிவித்தார். 2017-ல் டிரம்ப் அதில் சுமார் 85 சதவீதத்தை வெட்டினார். 2021-ல் பைடன் திரும்பச் சேர்த்தார். 2025-ல் மைய அரசின் பொது நிலங்களை விற்க ஒரு செனட்டர் யோசனை கொண்டுவந்தபோது எதிர்த்து எழுந்தவர்களில் வேட்டைக்காரர்களும் தூண்டில்காரர்களும் முன்வரிசையில் நின்றார்கள். அவருடைய சொந்தக் கட்சிக்கே ஓட்டுப் போடுகிறவர்கள் அவர்களில் நிறையப் பேர். செனட்டர் யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கொள்கைக்காக வந்தவர்களைச் சமாதானப்படுத்திவிடலாம். தான் மீன் பிடிக்கும் ஆற்றங்கரை போகிறது என்று வருகிறவனை என்ன செய்ய முடியும்?

எனக்கும் அப்படி ஓர் இடம் உண்டு; என் மாணவப் பருவத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. நான் படித்தது உங்களைப் போல் நல்ல மதிப்பெண் எடுத்து அல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் பல்லாவரத்திலிருந்து வாடகை சைக்கிளில் நண்பர்களோடு நன்மங்கலம் காட்டுப் பக்கம் போவோம். கல்குவாரிப் பள்ளங்களில் தண்ணீர் நிற்கும். நீச்சல் தெரிந்தவர்கள் குதிப்பார்கள், நான் துணிக்குக் காவல். மாலை மங்கும்போது பாறை இடுக்கிலிருந்து கொம்பன் ஆந்தை கிளம்பும். அதைப் பேய் என்று சத்தியம் செய்த ஒரு நண்பன் பிற்பாடு விலங்கியல் பேராசிரியர் ஆனான். அந்தக் காப்புக்காடு 320 ஹெக்டேர் இன்றும் இருக்கிறது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் அதன் வாசலைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? கை தூக்கச் சொல்லமாட்டேன், கல்லூரி முதல்வர் வருத்தப்படுவார். கிறிஸ்தவக் கல்லூரி வளாகம் இதே தாம்பரத்தில் சேலையூர்க் காட்டு நிலத்தில் 1937-ல் குடியேறியது. வேதியியல் பேராசிரியர் பார்ன்ஸும் அவர் மனைவியும் ஆசையோடு மரம் வளர்த்தார்கள். அங்கே படித்தவர்கள் அந்த மரங்களை இன்றும் பேர் சொல்லிப் பேசுவார்கள். அந்தப் பழக்கம்தான் எனக்கு வேண்டும்.

வீடு வேண்டாமா, நகரம் வளரவேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். நானும் அடுக்குமாடியில்தான் இருக்கிறேன். கடன் கட்டி வீடு வாங்கிய நடுத்தரக் குடும்பத்தை நான் ஒருபோதும் குறை சொல்லமாட்டேன். அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட படத்திலும் தண்ணீர் இல்லை. 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழை தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். அன்று முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் முதல் மாடி வரை ஏறியவர்களுக்கு, எந்த இடம் தரிசு, எந்த இடம் தண்ணீரின் இடம் என்று மேகம் விளக்கிச் சொல்லிவிட்டது. 2023-ல் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையிலும் பெரும்பாக்கத்திலும் இன்னொரு முறை சொன்னது.

இப்போது நடக்கும் விவாதத்தைப் பாருங்கள். 2022-ல் பள்ளிக்கரணை ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது, 1,247.54 ஹெக்டேர். இதில் சுமார் 700 ஹெக்டேர் காப்புக்காடு, அதற்கு எல்லை உண்டு. மிச்சமுள்ள 550 ஹெக்டேர் எந்தெந்த சர்வே எண்கள்? இந்தக் கேள்வி 2025-ல்தான் சூடு பிடித்தது. பெரும்பாக்கத்தில் ஒரு பெரிய குடியிருப்புத் திட்டத்துக்கு அனுமதி கொடுத்தது சரியா என்று வழக்கு உயர் நீதிமன்றம் போயிற்று. தேசிய பசுமைத் தீர்ப்பாயம், எல்லையைத் தரையில் சரிபார்த்து முடிக்கும்வரை தலத்துக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் கட்டட அனுமதி தரவேண்டாம் என்று சி.எம்.டி.ஏ.வுக்கு உத்தரவிட்டது. உலகப் பட்டியலில் ஒரு பரப்பளவைத் தசமப் புள்ளியோடு எழுதிக் கொடுத்து மூன்று ஆண்டு ஆன பிறகு அதன் எல்லைக்கல்லைத் தேடுகிறோம். என் துறைக்காரன் என்ற முறையில் சொல்கிறேன்: இது வெட்கக்கேடு. எல்லை அறிவிக்காத பாதுகாப்பு, பூட்டில்லாத கதவு. ஒரு கிலோமீட்டர் தடையால் அனுமதி கிடைக்காமல் காத்திருக்கும் சின்ன வீட்டுக்காரர்களின் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. எல்லை அன்றைக்கே வரையப்பட்டிருந்தால் அவர்களுக்கும் இந்தத் தவிப்பு இல்லை.

பட்டம் வாங்கியாயிற்று. இனி வேலை தேடுவீர்கள், அதற்கு என்னிடம் ஆலோசனை இல்லை. வேறு ஒரு வேலை சொல்கிறேன், சம்பளம் கிடையாது. உங்கள் வீட்டுக்கு மிக அருகில் இருக்கும் ஏரி, குன்று, காப்புக்காடு, ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதன் சர்வே எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். அ-பதிவேட்டு விவரம் இப்போது இணையத்திலேயே வருகிறது. என் காலத்தைப் போல் தாலுகா அலுவலகத் திண்ணையில் உட்கார வேண்டியதில்லை. பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பிறகு நண்பர்களோடு அங்கே போய் நடங்கள், அடிக்கடி நடங்கள். பதிவேடும் தரையும் ஒத்துப்போகாவிட்டால் மாநகராட்சியின் பகுதி சபைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். நடந்து பார்க்கும்போது ஒரு விஷயத்தில் மட்டும் தயவுசெய்து என் துறையைப் பின்பற்றாதீர்கள். கார்த்திகையில் போங்கள்.