படித்தவரும் ஏமாறுவதேன்?

(மாணவரும் பெற்றோரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியதும் நம்மிற் பலர் பெருமூச்சு விட்டு ஆறுதலடைகின்றோம். வெங்காயம் விற்ற காசும், தாயின் நகையை அடகு வைத்த காசும் அப்பிள்ளையின் கைக்குச் செல்கின்றன. அக்காசின்மேற் கண்வைத்திருப்போரும் உளர். அவர்கள் கன்னமிடுவதில்லை, கத்தி காட்டுவதில்லை. இனிய வார்த்தை பேசி, நாமே எடுத்துக் கொடுக்கும்படி செய்கின்றனர்.

படித்தவன் ஏமாறமாட்டான் என்பர் சிலர். இது தவறான எண்ணம். 1920ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் சார்ள்ஸ் பொன்சி என்பவன், 45 நாட்களில் நூற்றுக்கு 50 வீதம் இலாபம் தருவதாகக் கூறினான். பிறநாட்டு அஞ்சற் பதிற் கூப்பன்களை மலிவாக வாங்கி மாற்றுவதே தன் வியாபாரம் என்றான். உண்மையில், பின்வந்தோரின் பணத்தை முன்வந்தோருக்கு இலாபமென்று கொடுத்தான். ஆயிரக்கணக்கானோர் பணம் கட்டினர்; நகரப் பொலிசாரிலும் பலர் கட்டினர். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் யாவும் சரிந்தது.

அதே வித்தை இன்று ‘பிரமிட்’ திட்டம் என்ற பெயரில் மாணவர் விடுதிகளுக்குள் நுழைகின்றது. “நீ ஆறு பேரைச் சேர், அவர்கள் ஒவ்வொருவரும் ஆறு பேரைச் சேர்ப்பர், நீ செல்வனாவாய்” என்கின்றனர். கணக்குப் படித்த மாணவரே, ஒரு தாளை எடுத்துப் பெருக்கிப் பாருங்கள். ஆறு, முப்பத்தாறு, இருநூற்றுப் பதினாறு என ஏறிப் பத்தாம் படியில் 6 கோடிக்கு மேற்பட்டோர் தேவை. இவ்விலங்கைத் தீவின் மொத்தச் சனத்தொகையோ ஏறத்தாழ 2 கோடியே 20 இலட்சம். கடைசியிற் சேர்ந்தவன் யாரைச் சேர்ப்பான்? இத்தகைய திட்டங்களை நடத்துவதை மட்டுமன்றி, ஊக்குவிப்பதையும் நமது நாட்டின் வங்கித்தொழிற் சட்டம் குற்றமாக்கியுள்ளது. நண்பனைச் சேர்த்துவிடும் மாணவன் நண்பனை இழப்பதோடு சட்டத்தின் முன்னும் நிற்க நேரிடும்.

அடுத்தது வெளிநாட்டு வேலை. பட்டம் பெற்று வேலையின்றி இருக்கும் இளைஞனுக்குக் கணினி வேலை, பெருஞ் சம்பளம், சுற்றுலா வீசாவிற் பயணம் என்று ஆசை காட்டுவர். அவ்வாறு சென்ற நம் நாட்டு இளைஞர் சிலர் மியன்மாரின் எல்லைப்புற முகாம்களில் அடைக்கப்பட்டு, இணையவழி மோசடி செய்யும்படி வருத்தப்பட்டனர். அவர்களிற் சிலர் 2024ஆம் ஆண்டில் மீட்கப்பட்டனர். ஏமாற்றப்பட்டவனையே ஏமாற்றுவோனாக்கும் கொடுமை இது. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் இருக்கின்றது. முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா, அந்த வேலைக்கு அனுமதி உண்டா என்று அங்கே கேட்டறியாமற் காணியை ஈடு வைக்கலாகாது. ஆழமறியாமற் காலை விடுவது அறிவுடைமையாகுமா?

மூன்றாவது, பார்வைக்கு மிகச் சிறியது. “உன் வங்கிக் கணக்கைச் சில நாள் இரவல் கொடு, வரும் பணத்தை எடுத்துத் தா, உனக்கும் ஒரு பங்கு” என்று ஒருவன் கேட்பான். அப்பணம் வேறெவரிடமோ திருடப்பட்டதாக இருக்கும். திருடன் மறைந்துவிடுவான், பொலிசார் தேடி வருவது கணக்குக்குரிய மாணவனையே. வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறித் தொலைபேசிக்கு வந்த ஓ.ரி.பி. எண்ணைக் கேட்போனும் இவ்வினத்தவனே. எந்த வங்கியும் அவ்வெண்ணைக் கேட்பதில்லை.

இவை வெவ்வேறு வேடங்கள். ஆயின் ஆள் ஒருவனே. அவனை மூன்று அடையாளங்களால் அறியலாம். வேலையோ பரிசோ தருமுன் நம்மிடம் பணம் கேட்பான். இன்றே முடிக்கவேண்டும் என்று அவசரப்படுத்துவான். வீட்டாருக்குச் சொல்லாதே என்பான். இம்மூன்றில் ஒன்றைக் கண்டாலும் நின்றுவிடுங்கள். ஓரிரவு பொறுத்து, மூத்தவர் ஒருவரிடம் கூறுங்கள். பதறாத காரியம் சிதறாது. நல்ல காரியமாயின் நாளையும் இருக்கும்.

இறுதியாகப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஏமாந்த பிள்ளை வாய்திறக்க அஞ்சுகின்றான். “படித்தும் மடையனானாயே” என்று நாம் ஏசுவோம் என்பதே அவன் அச்சம். அவ்வச்சத்தால் இழந்ததை மீட்க மீண்டும் கடன்படுகின்றான், ஒன்று பத்தாகின்றது. மோசடிக்காரனுக்கு நம் கோபமே காவல். நம் மானவுணர்ச்சியே மறைவிடம். பிள்ளை வந்து சொன்னால் முதலிற் கேளுங்கள். உடனே வங்கிக்கும் பொலிசாருக்கும் அறிவியுங்கள். அயலாருக்கும் சொல்லுங்கள், மறைக்கப்பட்ட ஒவ்வொரு மோசடியும் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு வெட்டப்பட்ட குழியாகும்.

காணியையும் பொருளையும் இழந்து, கல்வி ஒன்றையே முதலாகக் கொண்டு தலைநிமிர்ந்த குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ. அம்முதலை வஞ்சகர் கையிற் பறிகொடாது காப்பது மாணவரின் கடன் மட்டுமன்று. நம் அனைவரின் கடனுமாகும்.