பழைய கார் உதறுகிறதா? பாகத்தை மாற்றும் முன் காரணத்தைப் பாருங்கள்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் வளாகத்தின் கீழ்த்தளத்தில் ஒரு சுற்று நடந்து வந்தால், பத்துப் பன்னிரண்டு வருடம் ஆன பெட்ரோல் கார்கள் நிறைய கண்ணில் படும். பல வண்டிகள் வாரத்துக்கு ஒரு நாள்தான் வெளியே போகின்றன. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், நாம் சாவியை எடுப்பது அந்த வண்டிக்குத்தான். அதனால் அது நம்பும்படி ஓட வேண்டும்.

சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் நடுங்குகிறது, பிக்கப் இல்லை, நடுவில் ஒரு குலுக்கல். மெக்கானிக்குகள் இதை ‘மிஸ்ஸிங்’ என்பார்கள். அடுத்த வார்த்தை பெரும்பாலும், “வயசாயிடுச்சு சார், இன்ஜினை இறக்கிப் பார்த்துடலாம்” என்பதாக இருக்கும். சில நூறு ரூபாயில் தீர வேண்டியது பல ஆயிரத்தில் போய் நிற்பது இங்கேதான். எந்த நேரத்தில் உதறுகிறது, எந்த சிலிண்டரில் உதறுகிறது என்ற இரண்டும் தெரியாமல் ஒரு பாகத்தையும் மாற்றாதீர்கள். இன்று நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் மூன்று தேவை: சரியான அளவில் காற்றும் பெட்ரோலும், சரியான நேரத்தில் தீப்பொறி, போதுமான கம்ப்ரஷன். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்த சிலிண்டர் தன் பங்கு வேலையைச் செய்யாது. மற்றவை இழுக்கும், வண்டி குலுங்கும்.

முதலில், எப்போது உதறுகிறது என்று ஒரு வாரம் கவனித்து எழுதி வையுங்கள்.

நிற்கும்போது உதறல், ஓட்டத்தில் சரியாகிவிடுகிறது என்றால், காற்று தப்பான வழியில் நுழைகிறதா என்று பாருங்கள். ஐடிலிங்கில் இன்ஜின் இழுக்கும் காற்று மிகக் குறைவு. அதனால் ஒரு ரப்பர் ஹோஸில் சின்ன வெடிப்பு இருந்தாலும் கலவை கெட்டுவிடும். வேகத்தில் காற்று நிறையப் போவதால் அது தெரியாது. பானட்டைத் திறந்து ‘ஸ்ஸ்’ என்ற சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். த்ராட்டில் பாடியில் கரி படிந்திருந்தாலும் இதே தொல்லை வரும். சுத்தம் செய்தால் போதும்.

மேம்பாலம் ஏறும்போதோ, ஏசி போட்டு நாலு பேர் ஏறினாலோ உதறினால், தீப்பொறியைச் சந்தேகப்படுங்கள். சுமை கூடும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தில் பொறி பாய அதிக வோல்டேஜ் வேண்டும். தேய்ந்த பிளக்கும் பலவீனமான காயிலும் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். பெட்ரோல் பம்பின் அழுத்தம் குறைந்தாலும், ஃபில்டர் அடைத்தாலும் இப்படி ஆகலாம்.

ஆர்பிஎம் முள் ஆடாமல் நிற்கிறது, வண்டி மட்டும் அதிர்கிறது என்றால், இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பரைப் பாருங்கள். இன்னொன்று: மூன்று சிலிண்டர் வண்டிகளுக்கு இயல்பாகவே கொஞ்சம் அதிர்வு உண்டு. அதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம்.

அடுத்து, எந்த சிலிண்டர்? செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். பி0301 என்று வந்தால் ஒன்றாவது சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. பி0300 என்றால் ஒரு சிலிண்டரில் நிற்காமல் மாறி மாறி மிஸ் ஆகிறது. அப்போது எல்லா சிலிண்டருக்கும் பொதுவான காற்று, பெட்ரோல் பக்கம் பார்க்க வேண்டும். குறியீடு இடத்தைத்தான் சொல்லும், காரணத்தைச் சொல்லாது.

காரணம் அறிய ஒரு எளிய வழி உண்டு. சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டி என்றால், இன்ஜினை அணைத்து, ஆறிய பிறகு, இரண்டாவது காயிலை மூன்றாவதன் இடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். பி0302 இப்போது பி0303 ஆக மாறினால் குற்றவாளி காயில்தான். மாறாவிட்டால் பிளக்கையும் அப்படியே இடம் மாற்றிப் பார்க்கலாம். புதிதாக எதையும் வாங்காமலே விடை கிடைத்துவிடும்.

கழற்றிய பிளக்குகளை வரிசை மாறாமல் வைக்கச் சொல்லுங்கள். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் இன்ஜின் ஆயில் உள்ளே வருகிறது.

நம் கீழ்த்தளத்துக்கென்று ஒரு காரணமும் உண்டு, எலி. நிறுத்தியே வைத்திருக்கும் வண்டியில் வயரையும் ஹோஸையும் அது கடித்துவிடும். ஸ்கேனுக்கு முன் ஒரு டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள். இப்போது பங்குகளில் வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் பெட்ரோலை டேங்கில் தேக்கி வைக்காமல், வாரம் ஒரு முறை அரை மணி நேரம் வெளியே ஓட்டி வாருங்கள். கீழ்த்தளத்திலேயே ஸ்டார்ட் செய்து உறும விட வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அங்கே விளையாடும் பிள்ளைகளும் காவலாளியும் அதைத்தான் சுவாசிப்பார்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டும் கம்ப்ரஷன் டெஸ்ட். ஒரு சிலிண்டரில் அழுத்தம் குறைந்தால், அதில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார்கள். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. டேப்பட் சரிசெய்யும் வசதியுள்ள வண்டிகளில் இடைவெளி குறைந்து வால்வு முழுதாக மூடாமலும் இருக்கலாம். அதற்கு இன்ஜினை இறக்க வேண்டியதில்லை.

மூன்று நேரங்களில் மட்டும் தாமதிக்காதீர்கள். செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள்; எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக் கெடுக்கும். அதன் விலை பிளக், காயில் விலையைப் போல் பல மடங்கு. பெட்ரோல் வாடை அடித்தால் ஸ்டார்ட்டே செய்யாதீர்கள். கூலன்ட் குறைந்துகொண்டே வந்து, இன்ஜின் ஆயிலும் பால் கலந்ததுபோல் இருந்தால் ஹெட் காஸ்கெட் போயிருக்கலாம், வண்டியை எடுக்காதீர்கள். ஆயில் மூடியின் அடியில் மட்டும் லேசான வெண்படலம் என்றால், குறைந்த தூரமே ஓடும் வண்டியில் அது சாதாரணம்.

கடைசியாக ஒன்று. மெக்கானிக்கிடம் “என்ன மாத்தணும்?” என்று கேட்காதீர்கள். “அண்ணே, எந்த சிலிண்டர்ல மிஸ்ஸிங்? எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் அந்தக் கேள்வியை விரும்புவார், நின்று விளக்குவார். மாற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் சொல்லாமல் “இறக்கிடலாம்” என்று மட்டும் சொன்னால், சாவியை வாங்கிக்கொண்டு இன்னொருவரிடம் காட்டுங்கள்.